நாற்பத்தொன்றாவது வரிக்குப் பிறகு

"இருபத்தாறு நாளாச்சு டீச்சர். இன்னும் எத்தனை நாளைக்கு வாசிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லுதிய?"

கேட்டவர் ஆறுமுகநயினார். வயது ஐம்பத்து நாலு.

கேட்கப்பட்டவள் வெயிலுகந்தாள். வயது இருபத்தொன்பது.

வயசைப் பார்த்து யார் குரு, யார் சீடன் என்று நீங்கள் மாற்றிப் போட்டுவிடக் கூடாது. அதனால்தான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

வெயிலுகந்தாள் விரலை நீட்டித் திரையைக் காட்டினாள்.

"வாசிங்க அண்ணாச்சி."

நயினார் பெருமூச்சு விட்டார். எழுந்து நின்றார். வாசித்தார்.

*

பாளையங்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். ரத்தக் கொடையாளர் மன்றங்களின் கூட்டமைப்பு. பதினாலு ஊர், பதினாலு மன்றம், பதினாலு பட்டியல்.

ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டுமென்றால் பதினாலு பட்டியலையும் தனித்தனியாகத் திறந்து தேட வேண்டியிருந்தது. அதற்குள் நோயாளியின் சொந்தக்காரர்கள் பதினாலு பேரைத் திட்டி முடித்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் பாளையங்கோட்டைப் பட்டியலோடு சேர்த்து ஒன்றாக்குவது என்று கமிட்டி முடிவு செய்தது. மார்கழி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணிக்குள். அதற்காக வரவழைக்கப்பட்டவள்தான் வெயிலுகந்தாள். வள்ளியூர்க்காரி. பேச்சு குறைச்சல்.

பாளையங்கோட்டைப் பட்டியலைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்பவர் நயினார். மவுஸைப் பிடித்து, பட்டனை அமுக்கி, பெட்டியைத் திறந்து வேலை பார்த்துப் பழகிய கை. பட்டியலில் ஒன்பதாயிரம் பேர். பாதிப் பேரின் குரலையே அவருக்கு அடையாளம் தெரியும்.

அவரிடம் செயலாளர் சொன்னார்: "அந்தப் பிள்ளை வந்து சேர்த்துக் கொடுத்துட்டுப் போயிரும். அதுக்கப்புறம் நீங்கதான் பாக்கணும். கத்துக்கிடுங்க."

கற்றுக்கொள்ள வந்தார். முதல் நாளே டீச்சர் என்று கூப்பிட்டார். கிண்டலாகத்தான் கூப்பிட்டார். அவள் கிண்டலை எடுத்துக்கொள்ளவில்லை, டீச்சரை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

*

அவள் கொண்டுவந்த கருவியின் பெயர் ரசமட்டம். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, அதே பெயர்.

அதில் படம் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரை. ஒரு கட்டளையைத் தட்டினால் அது எழுத்தில் பதில் சொல்லும். அவ்வளவுதான்.

"இது கோப்பு" என்றாள் வெயிலுகந்தாள், முதல் நாள். "பட்டியல்ல என்னென்ன கட்டம் இருக்கணும்னு எழுதி வச்ச வரைபடம். பேரு, ஊரு, ரத்த வகை, கடைசியாக் கொடுத்த நாள். ஸ்கீமான்னு சொல்லுவாங்க."

"சரி."

"இது தளம். நிஜமான ஆளுங்க பேரெல்லாம் இருக்கிற இடம். இன்டர்நெட்ல இருக்கு."

"சரி."

"டிஃப்னு தட்டினா, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்து, தளத்தை வரைபடம் மாதிரியே ஆக்குறதுக்கு என்ன செய்யப் போறேன்னு வரி வரியாச் சொல்லும். கூட்டல் போட்டிருந்தா சேர்க்கும். கழித்தல் போட்டிருந்தா எடுத்துரும்."

"அப்புறம்?"

"அப்ளைனு தட்டினா, செய்யவான்னு கேக்கும். யெஸ் அடிச்சா செஞ்சிரும்."

"இம்புட்டுத்தானா?" என்றார் நயினார். "இதுக்கா ஒரு மாசம்?"

"டிஃப் மட்டும் தட்டுங்க" என்றாள். "எந்திரிச்சு நின்னு, முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமா வாசிங்க."

"மனசுக்குள்ள வாசிச்சா ஆகாதா?"

"ஆகும்."

"அப்ப?"

"சத்தமா வாசிங்க."

தளத்தில் கை வைக்க விடவில்லை. பயிற்சிக்கென்று ஒரு போலித் தளமும் வரைபடமும் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் இருந்த ஆட்கள் எல்லாம் அவளே இட்டுக்கட்டிய ஆட்கள். தினமும் காலையில் அந்தப் போலி வரைபடத்தில் எதையாவது மாற்றி வைப்பாள். நயினார் டிஃப் தட்டுவார். நின்றபடி வாசிப்பார். முடிந்ததும் அவள் தலையை ஆட்டுவாள். யெஸ் அடிக்க விடமாட்டாள்.

கீழே டைப் அடிக்கிற பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

"நயினார் சார் பாராயணம் ஆரம்பிச்சாச்சுடி" என்று ஒருத்தி சொல்வது மாடிவரை கேட்கும்.

நயினாருக்கு முகம் சிவந்துவிடும். பத்தொன்பது வருஷ அனுபவஸ்தர், வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிற்க வேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் குமைந்தார். ஆனாலும் நின்றார். அதைச் சொல்லியாக வேண்டும். மனுஷன் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை.

*

பத்தாம் நாள், ஒரு கண்டுபிடிப்போடு வந்தார்.

"டீச்சர், ஹெல்ப்ல பாத்தேன். ரெண்டு கோடு போட்டு ஃபோர்ஸ்னு அடிச்சா, இந்தப் பாராயணமே வேண்டாமாமே. கேள்வியே கேக்காதாமே."

"கேக்காது."

"இவ்வளவு சுளுவான வழி இருக்கு, எனக்கு ஏன் சொல்லித் தரலை?"

"கேக்காதுங்கிறதாலதான்."

நயினார் விடவில்லை. "அப்படியே தப்பாப் போனாலும்தான் என்ன? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நகல் எடுத்து வைக்கோம்லா. அதுல இருந்து திரும்ப எடுத்துக்கிட வேண்டியதுதானே?"

"என்ன காணாமப் போச்சுன்னு தெரிஞ்சாத்தானே அண்ணாச்சி திரும்ப எடுப்பிய?"

நயினார் அதை யோசித்துப் பார்த்தார். காபி குடிக்கக் கீழே போய்விட்டார்.

*

இருபத்தாறாம் நாள்தான் பொறுமை போய், நான் தொடக்கத்தில் சொன்ன கேள்வியைக் கேட்டார். வாசித்தும் முடித்தார். முடித்தபிறகும் ஆத்திரம் அடங்கவில்லை.

"ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதிய. ஒப்பிட்டுப் பாக்கிறது கம்ப்யூட்டரு. அதுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போவுது? அது சொன்னதை நான் எதுக்குத் திரும்பச் சொல்லணும்? நான் என்ன கிளிப்பிள்ளையா?"

வெயிலுகந்தாள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க மேசை டிராயர்ல என்னென்ன இருக்கு? திறக்காம எழுதுங்க."

"இது என்ன விளையாட்டு?"

"எழுதுங்க."

பத்தொன்பது வருஷ டிராயர். அவருக்கா தெரியாது? மளமளவென்று எழுதினார். ஸ்டாப்லர். ரப்பர் ஸ்டாம்ப். மை பேட். குண்டூசி டப்பா. டார்ச் லைட். லெட்டர்பேடு. வயிற்று மாத்திரை. எழுதிவிட்டு, பேனாவை மூடி, எப்படி என்பதுபோல் பார்த்தார்.

அவள் டிராயரை உருவி மேசைமேல் வைத்தாள். ஒரு கையில் தாள். காலால் குப்பைக் கூடையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

சீப்பை எடுத்தாள். தாளைப் பார்த்தாள். கூடையில் போட்டாள்.

கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம். தாளைப் பார்த்தாள். கூடை.

படிக்கிற கண்ணாடி. தாள். கூடை.

"நல்லா இருக்கே கூத்து!" என்று நயினார் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கையில் ஒரு போட்டோ இருந்தது.

தாளைப் பார்த்தாள்.

"எம்மா! எம்மா! அதைத் தொடாதிய!"

போட்டோ கூடைக்குள் விழுந்துவிட்டது.

நயினார் பாய்ந்து குனிந்து அதை எடுத்தார். சட்டையில் துடைத்தார்.

"உங்களுக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?"

"தாள்ல இல்லையே அண்ணாச்சி."

"தினம் எடுத்துப் பாக்கிற பொருளை எவனாவது தாள்ல எழுதுவானா?"

வெயிலுகந்தாள் மெதுவாகக் கேட்டாள்.

"யாரு இந்தப் பிள்ளை?"

*

போட்டோவில் யூனிபார்ம் போட்ட ஒரு சிறுமி, முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் தன்யஸ்ரீ. கோவில்பட்டியில் லோடு வேன் ஓட்டுகிறவரின் மகள். வருஷா வருஷம் பிறந்த நாளுக்கு அப்பா ஒரு போட்டோ அனுப்புவார்.

"பிறந்தப்ப ரத்தம் தேவைப்பட்டுச்சு" என்றார் நயினார். குரல் இறங்கியிருந்தது. "பாம்பே ரத்தம்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருப்பிய. சாதாரணமா சோதிச்சா ஓ குரூப்னுதான் காட்டும். ஆனா ஓ ரத்தத்தை ஏத்தினா உடம்பு ஏத்துக்கிடாது. அதே வகைக்காரங்கதான் கொடுக்கணும். ஆயிரக்கணக்குல ஒருத்தர்தான் இருப்பாங்க."

"கிடைச்சுதா?"

"ரெண்டு நாள் ஃபோனும் கையுமா அலைஞ்சேன். ஒருத்தர் கிடைச்சார். பிள்ளை பிழைச்சுது."

அதோடு அவர் நிற்கவில்லை. ஒன்பது வருஷமாகத் தேடித் தேடிப் பதினோரு பேரைச் சேர்த்திருந்தார். ஆனால் மன்றத்தின் படிவத்தில் இப்படி ஒரு வகைக்கு இடமே கிடையாது. ரத்த வகை என்ற கட்டத்தில் அந்தப் பதினோரு பேருக்கும் ஓ என்றுதான் போட்டிருந்தது.

"அதனால நேரா தளத்துக்குள்ள போனேன். மவுஸை வச்சு ஒரு புதுக் கட்டம் போட்டேன். குறிப்பு2-ன்னு பேரு வச்சேன். யாரு யாரு பாம்பே ரத்தம்னு அதுலதான் இருக்கு. மூணே நிமிஷம் டீச்சர்! கோப்புமில்லை, டிஃப்புமில்லை, பாராயணமுமில்லை. அப்படித்தான் நாங்க வேலை பாத்தோம்."

வெயிலுகந்தாளின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. நயினார் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

"இந்தத் தை மாசம் பிள்ளைக்கு இதயத்துல ஆபரேஷன். சின்ன ஓட்டை. தேதி இன்னும் குறிக்கலை. குறிச்ச அன்னைக்கே ரெண்டு பேரையாவது கூட்டிக்கிட்டுப் போகணும். அவங்க அப்பன் என்னைத்தான் நம்பியிருக்கான்."

"நல்லா நடக்கும் அண்ணாச்சி."

"நடக்கணும்."

"போட்டோவைத் தாள்ல எழுதிருங்க" என்றாள்.

நயினார் தாளை எடுத்து, கடைசியில் 'போட்டோ' என்று எழுதினார். கண்ணாடியையும் சீப்பையும் சேர்த்து எழுதினார். மிட்டாயை எழுதவில்லை. அதைத் தின்றுவிட்டார்.

*

வெள்ளிக்கிழமை வந்தது.

பதினோரு மணிக்குச் செயலாளரின் முதல் ஃபோன். "ஆச்சா?"

பதினொன்றேகாலுக்கு இரண்டாவது. "பதினாலு ஊர்க்காரங்களும் உக்காந்திருக்காங்க நயினார். பன்னெண்டுக்குப் பழைய பட்டியலை எல்லாம் மூடுதோம். ஆயிரும்லா?"

"ஆயிரும் சார்."

பதினொன்றரைக்கு, நயினார் முதல் தடவையாக உண்மையான தளத்தின் முன்னால் போய் நின்றார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். போட்டோவைத் திரைக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தார். டிஃப் தட்டினார்.

கறுப்புத் திரையில் வரிகள் வந்து விழுந்தன. அறுபத்து மூன்று வரி.

அறுபத்து மூன்றையும் சத்தமாக வாசிப்பதா? செயலாளர் மறுபடி கூப்பிடுவாரே? ஃபோர்ஸ் என்ற வார்த்தை ஒரு தடவை மனசுக்குள் எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டுப் போனது. இருபத்தைந்து முப்பது நாள் நின்ற கால்கள், தாமாகவே நேராக நின்றன.

"ஒண்ணு" என்று ஆரம்பித்தார். "கூட்டல். கொடையாளர் பட்டியலில் 'ஊர்க் குறியீடு' கட்டம் சேர்க்கப்படும்."

கீழே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ரெண்டு. கூட்டல். 'மன்றத்தின் பெயர்' கட்டம் சேர்க்கப்படும்."

வெயிலுகந்தாள் அவருக்குப் பின்னால், சுவரோரம் நின்றிருந்தாள்.

பத்து. இருபது. முப்பது. எல்லாம் கூட்டல். தொண்டை காய்ந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். ஃபோன் அடித்து, அடித்து, ஓய்ந்தது.

"நாப்பது. கூட்டல். 'பிறந்த ஆண்டு' கட்டம் சேர்க்கப்படும். நாப்பத்தி ஒண்ணு. கழித்தல். கொடையாளர் பட்டியலில் 'குறிப்பு2' கட்டம் நீக்கப்படும். நாப்பத்தி ரெண்டு…"

வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது. காது முந்தின வரியிலேயே நின்றுவிட்டது.

நயினார் திரும்பவும் அந்த வரியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார். அதேதான்.

திரைக்குக் கீழே பல்லில்லாத பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதலை" என்றார். யாரிடம் சொல்கிறார் என்றே தெரியவில்லை. "தளத்துல போட்டேன். கோப்புல எழுதலை. பாவி, நான் எழுதவே இல்லை."

திடீரென்று திரும்பினார்.

"நான் கதை சொன்ன அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்திய? பச்சப்பிள்ளை உயிரு டீச்சர்! என்னை வச்சு விளையாடுததுக்கு வேற எதுவுமே கிடைக்கலையா உங்களுக்கு?"

நிஜமாகவே கத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெயிலுகந்தாள் கையை முன்னால் நீட்டினாள். அதில் ஒரு நீல வயரின் நுனி இருந்தது. சுவரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருகிற ஒரே இன்டர்நெட் இணைப்பு அதுதான். அந்தப் பழைய கட்டிடத்தில் வேறு கிடையாது.

நயினார் வயரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஓட்டை காலியாக இருந்தது.

"எப்பக் கழட்டினிய?"

"டிஃப் வந்து விழுந்ததும்."

"அப்ப நான் யெஸ் அடிச்சிருந்தா?"

"எங்கயும் போயிருக்காது."

"வாசிக்காமலே அடிச்சிருந்தா?"

"குறிப்பு2-ஐக் கோப்புல நானே எழுதியிருப்பேன். உங்களுக்கு இன்னும் இருபத்தாறு நாள் போட்டிருப்பேன்."

நயினாருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அவர் துடைத்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். அவள் முகத்தில் இத்தனை நாளில் காணாத ஒரு மலர்ச்சி இருந்தது. சீடன் தேறிவிட்டான் என்றால் எந்த குருவுக்கும் அப்படித்தானே இருக்கும்?

"முடிஞ்சுது அண்ணாச்சி. இனிமே சொல்லித்தர என்கிட்ட ஒண்ணும் இல்லை. குறிப்பு2-ஐக் கோப்புல ஒரு வரி எழுதுங்க. நான் வயரை மாட்டுதேன். யெஸ் அடிச்சிருங்க. மணி ஆகுது."

சொல்லிக்கொண்டே சுவர்ப் பக்கம் குனிந்தாள்.

"இருங்க டீச்சர்" என்றார் நயினார்.

"என்ன?"

"இன்னும் இருபத்திரண்டு வரி இருக்குல்லா."

"அது கமிட்டி கேட்ட கட்டங்க. அந்த வரைபடத்தை நான்தானே எழுதினேன்? அதுல என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நீங்கதான சொன்னிய, கடைசி வரி வரைக்கும்னு."

வெயிலுகந்தாள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம். மேசையில் ஃபோன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. அவள் வயரின் மூக்கைச் சுவர் ஓட்டைக்கு நேராகப் பிடித்தபடியே, "சரி, சீக்கிரம் வாசிங்க" என்றாள்.

நயினார் சீக்கிரம் வாசிக்கவில்லை. அவருக்கு வந்த வேகத்தில்தான் வாசித்தார்.

"நாப்பத்தி ரெண்டு. கூட்டல்."

"நாப்பத்தி மூணு. கூட்டல்."

ஐம்பது. ஐம்பத்தைந்து. கூட்டல், கூட்டல், கூட்டல். அவளுக்கே அலுத்துவிட்டது. வயரின் நுனி பாதி உள்ளே போயிருந்தது.

"ஐம்பத்தி எட்டு" என்றார் நயினார். "கழித்தல். 'வழி' என்ற பட்டியல் முழுவதும் நீக்கப்படும்."

இந்தத் தடவை நின்றது அவர் காது அல்ல.

"வழியா?" என்றாள் வெயிலுகந்தாள். "அது என்னது?"

நயினார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளில் வாசிக்கும்போது அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அதுவும் நான் போட்டதுதான்" என்றார். "ஏழு வருஷம் இருக்கும். சின்னப் பட்டியல். பதினோரு வரிதான்."

"எதுக்கு?"

"அந்தப் பதினோரு பேரை எப்படிக் கூப்பிடணுங்கிறதுக்கு."

சொன்னார். பதினோரு பேரில் ஒருத்தர் உவரிக்காரர். ஆழ்கடலுக்குப் போனால் பத்து நாள் ஃபோன் எடுக்காது. ஐஸ் கம்பெனியில் சொன்னால் அவர்கள் வயர்லெஸில் படகுக்குச் சொல்லிவிடுவார்கள். ஒருத்தி உப்பளத்தில் வேலை செய்கிறவள். அவளுக்கு ஃபோனே கிடையாது. எதிர்த்த வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட வேண்டும். இன்னொருத்தர் வாத்தியார். தெரியாத நம்பர் என்றால் செத்தாலும் எடுக்கமாட்டார். அவர் தங்கச்சியிடம் சொல்ல வேண்டும்.

"வழி இல்லைன்னா பதினோரு பேரும் பேரா மட்டும்தான் இருப்பாங்க டீச்சர். பாதிப் பேர்கிட்ட போய்ச் சேர முடியாது."

"இதை அன்னைக்கு நீங்க சொல்லவே இல்லையே."

"எனக்கே நினைப்பு இல்லை" என்றார் நயினார். "தினம் போட்டுக்கிடுத கண்ணாடி மாதிரி ஆயிப்போச்சு."

வெயிலுகந்தாள் தன் கையைப் பார்த்தாள். வயரின் மூக்கு பாதி உள்ளே, பாதி வெளியே இருந்தது. இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் க்ளிக் என்று உட்கார்ந்திருக்கும்.

மெதுவாக உருவினாள்.

"இது எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றாள்.

*

ஃபோன் திரும்ப அடித்தது. நயினார் எடுத்தார்.

"பன்னெண்டு ஆயிட்டுதே! என்னய்யா பிரச்சினை?" என்றார் செயலாளர்.

"பிரச்சினை ஒண்ணும் இல்லை சார். பழைய பட்டியல் எதையும் மூடிராதிய. ஒரு மணி ஆகும்."

"அப்படி என்னதான் செய்யுதிய ரெண்டு பேரும்?"

"வாசிச்சுக்கிட்டிருக்கோம்."

ஃபோனை வைத்தார். ஐம்பத்தொன்பதிலிருந்து அறுபத்து மூன்று வரை வாசித்து முடித்தார். அந்த ஐந்தும் கூட்டல்தான். கோப்பைத் திறந்து, குறிப்பு2-க்கு ஒரு வரியும், வழிக்கு ஐந்து வரியும் எழுதினார். ஒற்றை விரலால்தான் தட்டினார். அவள் அவசரப்படுத்தவில்லை. வயரை மாட்டி, புதிதாக டிஃப் எடுத்து, திரையில் விழுந்ததும் மறுபடி கழற்றினாள்.

அறுபத்தொரு வரி.

நயினார் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி."

நயினார் ஒன்றும் புரியாமல் தள்ளி நின்றார். வெயிலுகந்தாள் அந்த நீல வயரின் நுனியை அவர் கையில் வைத்தாள். விரல்களை மூடிவிட்டாள். திரைக்கு முன்னால் போய், நேராக நின்றாள்.

"ஒண்ணு" என்றாள், கட்டிடமே கேட்கும்படி. "கூட்டல்."

கீழே டைப் அடிக்கிற சத்தம் மொத்தமும் நின்றது.